நோயற்ற நாக்கு

குடோனில் அவரை 'உம்'காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேஸ்திரி திட்டினாலும் உம். லாரிக்காரன் டீ வாங்கிக் கொடுத்தாலும் உம். மூட்டை தூக்குவதற்கே மூச்செல்லாம் போய்விடுகிறது, பேசுவதற்கு மிச்சம் இருப்பதில்லை என்று அவரே ஒருநாள் சொன்னதாகச் சொல்வார்கள். ஆனால் அவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தக் கதையைக் கட்டிவிட்டது அவர் மனைவியாகத்தான் இருக்கும்.

அவளும் அதே குடோனில்தான் வேலை பார்த்தாள். அவர் தூக்குவதற்கு முன்னால் மூட்டையின் வாயைத் தைக்கிற வேலை. கோணி ஊசியும் சணல் கயிறும் ஒரு பக்கம் ஓட, பேச்சு இன்னொரு பக்கம் ஓடும். "ஊருல உள்ள மூட்டை வாயெல்லாம் நீ தைக்கிற, உன் வாயைத் தைக்க ஒரு ஊசி இல்லையா?" என்று மேஸ்திரி கேட்டால், "இருந்தா உங்க மாமியாருக்கு முதல்ல குடுத்திருப்பேனே அண்ணே" என்பாள். குடோன் முழுக்கச் சிரிக்கும். உம்காரரும் சிரிப்பார், சத்தம் வராமல். வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவளே பேசினாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார், கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார். அவருக்கு அதுதான் குடும்பம்.

அவள் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்று நினைத்தாள். புண் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் அறுவை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், கொஞ்சம் சதை கிள்ளி எடுத்துச் சோதித்தார், அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தால் நல்ல சேதி இல்லை என்று உம்காரருக்குக்கூடப் புரிந்தது.

"இது நல்ல புண் இல்லம்மா. வெட்டி எடுக்கணும். அடுத்த வாரமே எடுத்துடலாம். ஆனா கெட்ட சதை எங்க முடியுது, நல்ல சதை எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. அதனால பத்திரத்துக்கு நாக்குல பெரும்பகுதி போயிடும். உயிர் தங்கும். பேச்சு தங்காது."

"அப்ப வீட்டுல ரெண்டு பேரும் 'உம்'முன்னு உக்காந்திருக்கணுமா டாக்டர்?" என்றாள் அவள். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

டாக்டர் யோசித்தார். "ஒளிப்பட நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. வெட்டாமலே உள்ள பார்க்குற கருவி. கெட்ட சதையை மட்டும் காட்டுற ஒரு சாயம் அங்க கண்டுபிடிச்சிருக்காங்களாம். எல்லை தெரிஞ்சா நான் அந்த அளவுக்கு மட்டும் வெட்டுவேன். பேச்சு தப்பிக்கும். போய்ப் பாருங்க. இழுத்தடிச்சாங்கன்னா திரும்பி இங்க வந்துடுங்க."

வெளியே வந்ததும் அவள் கணவரைப் பார்த்தாள். "என்னங்க, போவோமா?"

"உம்" என்றார் அவர். அவள் பேசாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

*

உயிர்த்திசு ஒளிப்பட உயர் நிறுவனம் முழுக்கக் கண்ணாடியால் கட்டிய கட்டிடம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எல்லோரும் நடப்பது தெரியும். எதற்காக நடக்கிறார்கள் என்பது தெரியாது. வேலை நடக்கிற இடம் கீழே, நிலவறையில் இருந்தது. அங்கே களைத்த முகத்தோடு ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா இருந்தாள். அவளுக்கு உம்காரரின் மனைவி அப்போதே 'சாயக்காரம்மா' என்று பேர் வைத்துவிட்டாள்.

சாயக்காரம்மா திரையில் ஒரு படம் காட்டினாள். எல்லாம் சாம்பல் நிறம். "இது ஒரு நாக்கு. ஒளியை உள்ள அனுப்பி, திரும்பி வர்றதை வெச்சு எடுத்த படம். வடிவமெல்லாம் தெரியுது. ஆனா மழையில தூரத்துல நிக்கிற கூட்டம் மாதிரி, எல்லாம் ஒரே சாம்பல். யார் நல்லவன், யார் திருடன்னு தெரியாது. கெட்ட செல்லுக்கு மேல மட்டும் ஒருவித மூலக்கூறு மண்டிக் கிடக்கும். என் சாயம் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கும். வாய் கொப்பளிச்சா போதும். இருட்டுல எங்க விளக்கைப் போட்டா, கெட்டது மட்டும் மினுங்கும்."

"திருடன் சட்டையில பெயிண்ட் அடிச்சு விடுற மாதிரி" என்றாள் மனைவி.

"அதேதாம்மா! இதை நான் எங்க இயக்குநருக்குப் புரியவைக்க ஒரு வருஷம் ஆச்சு." சாயக்காரம்மா ஒரு கறுப்புப் புட்டியை எடுத்துக் காட்டினாள். திறக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு. வெளிச்சம் இதுக்கு எமன். கொஞ்ச நேரம் விளக்குல வெச்சாலே செத்துடும். பார்க்க அதே மஞ்சத் தண்ணியாத்தான் இருக்கும். ஆனா எதையும் காட்டாது."

"எப்பம்மா பார்ப்பீங்க?"

"எனக்குன்னா இப்பவே பார்த்துடலாம். மேல அனுமதி தரணும்."

மேலே என்றால் மாடி. மாடியில் உயிர் சரிபார்ப்பு அலுவலர் இருந்தார்.

"இந்தக் கருவி வாங்கப்பட்டது உயிருள்ள திசுவைப் பார்க்க" என்றார் அவர். "நாளைக்கே நாங்கள் உயிரில்லாத திசுவைப் பார்த்துவிட்டோம் என்று யாராவது கேள்வி எழுப்பினால் யார் பதில் சொல்வது? ஆகவே, நீங்கள் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் வேண்டும்."

"இதோ பேசிட்டிருக்கேனே சார்."

"பேச்சு ஆதாரம் ஆகாது அம்மா. இந்த அலுவலகத்தில் வருடக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வேலை செய்யாமல் இருப்பவர்களையும் உயிருள்ளவர்கள் என்றுதான் வைத்திருக்கிறோம். அப்படியானால் பேசுகிறவர்களை வேறு எப்படி வகைப்படுத்துவது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அலுவலர் தொடர்ந்தார். "சரி, உங்களுக்கு உயிர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் பார்க்கப்போவது உங்களை அல்ல. உங்கள் நாக்கை. அதற்கு?"

அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே நீட்டினாள்.

அலுவலர் கோபப்படவில்லை. "நீட்டியது நீங்கள். நாக்கு தானாக நீண்டதா என்பதே கேள்வி" என்று அமைதியாகச் சொன்னார்.

நாக்குக்குத் தனியாக உயிர்ச் சான்று வாங்க அலைந்தார்கள். டாக்டர்கள் எல்லோரும் அப்படி ஒன்று எழுதிப் பழக்கமில்லை என்றார்கள். கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர் இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்தார். நிறுவனம் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. சான்றில் முத்திரை பெரிதாக இருந்ததுதான் காரணம்.

புண்ணும் அதற்குள் பெரிதாகிவிட்டது. சூடாக எதுவும் சாப்பிட முடியவில்லை.

அடுத்தது நிறத் தேர்வுக் குழு. நோய் எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்பதை முடிவு செய்கிற கூட்டம். பயனடைவோர் சார்பில் கணவன் மனைவி இருவரையும் அழைத்து ஓரமாக உட்காரவைத்து, பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். உம்காரருக்கு அது கஷ்டமாக இல்லை.

"சாயம் பச்சையாக ஒளிரும் என்கிறார்கள்" என்றார் ஓர் உறுப்பினர். "பச்சை என்றால் சாலையில் 'போகலாம்' என்று பொருள். நோயைப் பார்த்து நாம் 'போகலாம்' என்று சொல்லலாமா?"

"போகச் சொல்வது நல்லதுதானே?" என்றார் இன்னொருவர்.

"எந்தப் பக்கம் போகும் என்பது தெளிவாக இல்லையே."

சிவப்பு என்றால் நோயாளி பயப்படுவார் என்றார்கள். ஊதா என்றால் கூட்ட அறையின் புதுத் திரைச்சீலைக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார் திரைச்சீலை வாங்கியவர். நடுவில் தேநீர் வந்தது. கடைசியில் இயக்குநர் நிறுவனத்தின் சின்னம் நீலம் என்பதை எல்லோருக்கும் நினைவூட்டினார். எல்லோரும் நினைவு வந்தவர்களாக மேசையைத் தட்டினார்கள்.

சாயக்காரம்மா எழுந்தாள். "சார், அது பச்சையாத்தான் ஒளிரும். அது நம்ம கையில இல்ல."

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "இந்த நிறுவனத்தில் எதுதான் அம்மா நம் கையில் இருக்கிறது? அதற்காகத் தீர்மானம் போடாமல் இருக்கிறோமா?"

நோய் நீல நிறத்தில் ஒளிர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அதற்குள் நாக்கின் உயிர்ச் சான்று காலாவதியாகிவிட்டதால் கால்நடை மருத்துவரிடம் மறுபடி போக வேண்டியிருந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னாள். கண்டக்டருக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னாள். "என்னம்மா, வாயில என்ன வெச்சிருக்க? துப்பிட்டுச் சொல்லு" என்றான் கண்டக்டர். அவள் வாயை மூடிக்கொண்டாள். உம்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இடத்தின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து பஸ்ஸில் அவர் சீட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாமா?"

அவரே வாயைத் திறந்து கேட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தடித்த நாக்கோடு மெதுவாகச் சொன்னாள். "இவ்வளவு பொறுத்தாச்சு. கருவியோட திறப்பு விழாவுல முதல்ல என்னைத்தான் பார்க்கப் போறோம்னு தேதி குடுத்துட்டாங்கல்ல. அன்னைக்குப் பார்த்துட்டு வெட்டிக்கலாம்ங்க. எனக்கு இன்னும் உங்களைத் திட்ட வேண்டியது நிறைய பாக்கி இருக்கு."

*

விழாவுக்கு மேலிடத்துப் பெரியவர் வந்திருந்தார். நிலவறை தாழ்வாக இருப்பதால் கருவியை மாடிக் கூடத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். கூடத்துக்கு நான்கு பக்கமும் கண்ணாடி. சாயக்காரம்மா காலையிலிருந்து கறுப்புத் துணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் பேசினார். "இருட்டை ஒழிப்பதே என் வாழ்நாள் இலட்சியம். இருட்டில் செய்கிற எந்த வேலையையும் நான் நம்புவதில்லை. ஒளியின் பெயரால் அமைந்த இந்த நிறுவனத்துக்குள் நுழைந்தால், ஜன்னலில் கறுப்புத் துணி! இதைப் பார்க்க என் மனம் பொறுக்கவில்லை."

கைதட்டல் முடிவதற்குள் கறுப்புத் துணியெல்லாம் இறங்கிவிட்டது. அவ்வளவு வேகமாக அந்த நிறுவனத்தில் ஒரு வேலை நடந்ததை யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் புகைப்படம். கறுப்புப் புட்டியைப் பெரியவர் கையில் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது படத்தில் தெரியவில்லை என்றார் புகைப்படக்காரர். ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லி, சாயம் முழுவதையும் அதில் ஊற்றினார்கள். பெரிய பெரிய விளக்குகளைப் போட்டார்கள். பெரியவர் கோப்பையை உயர்த்திப் பிடித்தார். இயக்குநர் ஒரு கை சேர்த்துப் பிடித்தார். நிறத் தேர்வுக் குழு வந்து பிடித்தது. உயிர் சரிபார்ப்பு அலுவலர் வந்து பிடித்தார்.

"சார், விளக்கை அணைங்க சார்! சாயம் செத்துடும்!" என்று சாயக்காரம்மா குறுக்கே வந்தாள்.

"அம்மா, நீங்க படத்துல வரணும்னா இப்படி ஓரமா நில்லுங்க" என்றார் புகைப்படக்காரர். "வர வேணாம்னா இன்னும் ஓரமா நில்லுங்க."

"சார் கண்ணை மூடிட்டாரு, இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்றார் உதவியாளர். இன்னொன்று எடுத்தார்கள். பெரியவரின் மருமகன் வந்து சேர்ந்ததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை எடுத்தார்கள்.

ஒருவழியாகத் துணியை மறுபடி மாட்டி விளக்கை அணைத்தார்கள். அவள் அந்த மஞ்சள் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள். எரிந்தது. கண்ணில் நீர் வழிய, நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கருவியின் மூக்கு உள்ளே போயிற்று. திரையில் அவள் நாக்கு தெரிந்தது. மேடும் பள்ளமும், அடுக்கும் மடிப்பும். எல்லாம் சாம்பல்.

எதுவும் மினுங்கவில்லை. பச்சையாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை.

இருட்டில் யாரோ இருமினார்கள். "சாயம்..." என்று சாயக்காரம்மா ஆரம்பித்தாள். அதற்குள் இயக்குநரின் குரல் எழுந்தது.

"கண்டீர்களா! ஒன்றுமே தெரியவில்லை! இத்தனை ஆண்டுகள், இத்தனை பேருடைய உழைப்பு, இத்தனை செலவு, எதற்காக? இதற்காகத்தான். இந்த அம்மாவின் நாக்கில் நோயே இல்லை என்பதை எங்கள் கருவி நிரூபித்துவிட்டது!"

விளக்கு வந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. பெரியவர் அவள் கையில் பூங்கொத்தைக் கொடுத்தார். அவள் அழுதாள், சிரித்தாள், ஏதோ சொன்னாள், யாருக்கும் புரியவில்லை. கூட்டத்தில் பலமாகக் கேட்ட கைதட்டல் உம்காரருடையது. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை அது.

பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அவள் பேசினாள். குழறிக் குழறிப் பேசினாள். மேஸ்திரியிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறாள், பெரியவரின் மருமகன் எப்படி விழித்தான், எல்லாவற்றையும். "நோயில்லையாம்ங்க! அப்ப இந்தப் புண்ணு தானா ஆறிடும், இல்ல?"

அவருக்கு அந்த நேரத்தில்தான் கறுப்புப் புட்டி ஞாபகம் வந்தது. வெளிச்சம் இதுக்கு எமன். அவ்வளவு விளக்கு. அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பூங்கொத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"உம்" என்றார்.

*

கழுத்தில் கட்டி வந்ததும் நிறுவனத்துக்கு ஓடினார்கள். நுழைகிற கூடத்தில், சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு அவள் நாக்கு சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சாம்பல் நிறம் விருந்தினர்களுக்கு உற்சாகம் தருவதில்லை என்று ரோஜா நிறம் பூசி, சுற்றிலும் சின்னத்தின் நீலத்தில் பார்டர் போட்டிருந்தார்கள். கீழே 'நோயற்ற நாக்கு' என்று எழுதியிருந்தது.

அவள் நின்று பார்த்தாள். ஏதோ சொன்னாள். இப்போது அவள் பேச்சு அவர் ஒருவருக்குத்தான் புரியும். "எங்கம்மா எப்பவும் சொல்லும், இவ நாக்கு இவளை விடப் பெருசுன்னு. சரியாத்தான் இருக்கு."

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். கட்டியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, நோய் இல்லை என்று நாங்கள் கண்டறிந்தவரை நோயாளி வரிசையில் எப்படிச் சேர்ப்பது? சேர்த்தால் நோய் வந்துவிட்டது என்று ஆகும். அப்புறம் சுவரில் இருப்பது என்ன ஆகும்? உங்கள் மனைவியின் நலனை விட இந்த நிறுவனம் எதைப் பெரிதாக நினைக்கிறது?" கொஞ்சம் நிறுத்தினார். பதில் அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். "வீட்டுக்குப் போய் நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். ஆரோக்கியமானவர்களுக்கும் ஓய்வு வேண்டும்."

வாசலில் பார்வையாளர் அட்டை கொடுக்கிற மேசையில் சாயக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். நிலவறையில் இப்போது அவளுக்கு வேலை இல்லை. சாயம் வெற்றி பெற்றுவிட்டதால் இனி அதைத் தயாரிக்கத் தேவையில்லை என்று முடிவாகியிருந்தது.

"உங்க வீட்டு விலாசம் கேட்டேன். குடுக்கலை" என்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "அன்னைக்கு நோய் இல்லாம இல்ல. சாயம்தான் செத்துப்போச்சு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நிக்காதீங்க."

"தெரியும்மா" என்றார் உம்காரர்.

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். எப்போதிருந்து தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அறுவை டாக்டர் மறுபடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கத்தியைப் பற்றி அவர் பேசவே இல்லை. வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

நாக்கை யாரும் வெட்டவில்லை. அது அவளோடுதான் இருந்தது, பேசாமல். கடைசி நாட்களில் அவள் கட்டிலில் படுத்தபடி கரண்டியால் தட்டைத் தட்டிக் கூப்பிடுவாள். ஒரு தட்டு என்றால், வாங்க. இரண்டு தட்டு என்றால், இதுகூடவா தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். குடோனில் என்ன நடந்தது, மேஸ்திரி என்ன சொன்னார், புதிதாக வாய் தைக்க வந்தவளுக்குத் தையல் ஒழுங்காக வராமல் நடு வழியில் மூட்டை பிரிந்து கொட்டியது, எல்லாம் சொன்னார். அவ்வளவு பேச்சு தனக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நடுவில் அவர் நிறுத்தினால் ஒரு தட்டு விழும்.

ஒருநாள் காலையில் அவர் நிறுத்தினார். தட்டு விழவில்லை.

*

அதற்குப் பிறகு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. இளம் பெண் குரல். "வணக்கம் சார். எங்கள் முதல் பயனாளி அம்மா எப்படி இருக்காங்க? நன்றா, மிக நன்றா?"

"அவ போயிட்டாம்மா."

"சார், எனக்கு இங்க நன்று, மிக நன்று, ரெண்டுதான் இருக்கு. நான் என்ன பண்ண?" அந்தப் பெண்ணின் குரல் நடுங்கிற்று. அவளும் யாரோ வீட்டுப் பிள்ளை.

"நன்றுன்னே போட்டுக்கம்மா" என்றார் அவர்.

பூங்கொத்தோடு அவள் நிற்கிற படம் எங்காவது இருக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் போனார். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்தார்கள். திறப்பு விழாப் படங்களில் பெரியவர் இருந்தார், மருமகன் இருந்தார், கோப்பை இருந்தது. ஒன்றின் ஓரத்தில் அவள் முழங்கை மட்டும் இருந்தது. "இருக்கிற பெரிய படம் இதுதான்" என்று சுவரைக் காட்டினார்கள். அதைத் தர முடியாது, நிறுவனத்தின் சொத்து.

வாரத்தில் ஒரு நாள் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். உம்காரர் அன்றைக்குக் குடோனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருகிறார். சாயக்காரம்மா ஒன்றும் கேட்காமல் அட்டையைக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வெளியூர்க்காரர்கள், எல்லோரோடும் அவரும் கூட்டமாக நிற்பார். சுற்றிக் காட்டுகிற பையன் குச்சியால் அந்த ரோஜா நிறத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்வான்.

"இது எங்கள் முதல் பயனாளியின் நாக்கு. வெட்டாமல், வலிக்காமல், ஒளியாலேயே பார்த்து, நோயில்லை என்று சொன்னோம். இந்த அம்மா இன்றைக்கும் நலமாக இருக்கிறார். ரொம்பக் கலகலப்பாகப் பேசுவாராம்."

அங்கே மட்டும்தான் அதைச் சொல்ல ஆள் இருந்தது. குடோனில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் தட்டும் கரண்டியும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன.

பையன் வாராவாரம் ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டான். அன்றைக்கு விளையாட்டாக அவர் பக்கம் திரும்பிக் கேட்டான். "நீங்கதான் தவறாம வர்றீங்களே பெரியவரே. நீங்களே சொல்லுங்க, அந்த அம்மா நல்லாத்தானே இருக்காங்க?"

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் அண்ணாந்து படத்தைப் பார்த்தார். சாயம் செத்த அன்று எடுத்த நாக்கு. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த நாக்கு.

"உம்" என்றார்.